நகரப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் இளங்கலை: சேருவதற்கு முன் சில கேள்விகள்

பென்சில்முனை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. நகரத்தின் நடுவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காண்டு கிராஃபிக் டிசைன் இளங்கலைக்கு விண்ணப்பிக்கிறேன். பாடத்திட்டத்தைப் பார்த்ததில் முதலாண்டு முழுக்க வரைதல், நிறம், வடிவம், எழுத்து என்றே இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு ஒரே ஒரு தாள்தான். "இதற்கு எதற்கு நான்கு வருடம்? ஆறு மாத சாஃப்ட்வேர் வகுப்பு போதாதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு 15 பக்க போர்ட்ஃபோலியோ (நாம் செய்த வேலைகளின் தொகுப்பு) வேண்டுமாம். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் புகைப்படம் பார்த்து வரைந்த முகங்கள். அவற்றை வைக்கலாமா? எந்த மாதிரி லேப்டாப் தேவை? வளாகம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், தினமும் போய் வர முடியுமா? தமிழில் புத்தகமும் போஸ்டரும் வடிவமைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு இந்தப் படிப்பு உதவுமா?

கட்டக்கோடு:

வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. ஆறு மாத வகுப்பு, எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்லித்தரும். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பேனர் செய்யும் டி.டி.பி. வேலைக்கு உடனே போக வேண்டும் என்றால் அது போதும், அதில் குறையொன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் எதை முதலில் படிக்க வைப்பது, எதை எடுத்தெறிவது, ஏன் இந்த எழுத்து, ஏன் இந்த இடைவெளி என்று முடிவெடுப்பது வேறு பயிற்சி. அது மெதுவாகத்தான் வரும்.

சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். பேஜ்மேக்கர் 1985இல் வந்தது, குவார்க் எக்ஸ்பிரஸ் 1987இல், இன்டிசைன் 1999இல், ஃபிக்மா 2016இல். ஒவ்வொன்று வந்தபோதும் பழைய மெனு மனப்பாடம் பயனற்றுப் போனது. வரி நீளம், வரி இடைவெளி, கட்டக்கோடு (பக்கத்தில் எதை எங்கே வைப்பது என்று வழிகாட்டும் கோடுகள்) பற்றிய அறிவு மட்டும் அப்படியே கைகொடுத்தது.

முதலாண்டுப் பயிற்சிகள் விளையாட்டுபோலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கானது. உதாரணமாக, 10 செ.மீ. வெள்ளைச் சதுரத்துக்குள் நான்கு கறுப்புச் சதுரங்களை மட்டும் வைத்து 'நெரிசல்', 'அமைதி', 'விழப்போவது', 'வளர்ச்சி' ஆகியவற்றைக் காட்டச் சொல்வார்கள். படமும் நிறமும் கிடையாது. இடமும் அளவும் மட்டுமே பேச வேண்டும். பிற்காலத்தில் ஒரு போஸ்டரில் தலைப்பை எங்கே நிறுத்துவது என்று தயங்கும்போது கை தேடுவது இந்தப் பயிற்சியைத்தான்.

நிறத்துக்கு வண்ணத் தாளை வெட்டி ஒட்டச் சொல்வார்கள். ஒரே சாம்பல் துண்டை மஞ்சள் தாளிலும் நீலத் தாளிலும் வைத்தால் இரண்டும் வேறு வேறு சாம்பலாகத் தெரியும். ஓவியரும் ஆசிரியருமான ஜோசஃப் ஆல்பர்ஸ் இப்படித் தாளை வைத்துத்தான் நிறம் கற்பித்தார். திரையில் செய்தால் ஸ்லைடரை நகர்த்தி எண்ணைப் பார்த்துவிடுவீர்கள், கண் பழகாது. இந்த முன்பயிற்சி முறையின் வேர் 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில் இருக்கிறது. யோஹன்னஸ் இட்டன் அங்கே அடிப்படை வகுப்பை வகுத்தார். இன்று உலகின் பல டிசைன் துறைகளில் முதலாண்டு அதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

எழுத்து வகுப்பில் ஒரே எழுத்தை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பென்சிலால் வரைய வைப்பார்கள். வட்ட வடிவ எழுத்தைத் தட்டை எழுத்தோடு சரியாக ஒரே உயரத்தில் வரைந்தால் வட்டம் குட்டையாகத் தெரியும். மேலும் கீழும் 1 முதல் 3 சதவீதம்வரை கோட்டைத் தாண்ட விட்டால்தான் கண்ணுக்குச் சமமாகும். அளவுகோல் சொல்வதும் கண் சொல்வதும் வேறு என்பது இங்கேதான் உறைக்கும். அதன் பிறகு 'அலைன்' பொத்தானை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டீர்கள்.

பாடத்திட்டத்தை எடைபோட என் வழி இது. டைப்போகிராபி (எழுத்தைத் தேர்ந்து பக்கத்தில் அமைக்கும் கலை) குறைந்தது மூன்று செமஸ்டரில் வர வேண்டும். ஒரே தாளோடு முடித்துவிட்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டுடியோ வகுப்பு ஒரே மூச்சில் மூன்று நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். 50 நிமிடப் பாடவேளைகளாகத் துண்டாக்கப்பட்டிருந்தால் மாணவர் பொருட்களை விரித்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும். ஓர் ஆசிரியருக்கு 15, 20 மாணவர் என்றால் எல்லோருடைய வேலையையும் வாரம் ஒருமுறை பார்க்க முடியும். 50 பேர் என்றால் முடியாது. இறுதியாண்டில் மாணவரே தலைப்பைத் தேர்ந்து ஒரு செமஸ்டராவது அதில் உழைக்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாணவர் கண்காட்சி நடக்கும்போது நேரில் போங்கள். இருபது பேருடைய வேலையும் ஒரே ஆள் செய்ததுபோல இருந்தால், அங்கே ஆசிரியரின் ரசனைதான் கற்பிக்கப்படுகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருந்து, ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒவ்வொருவராலும் சொல்லவும் முடிந்தால் அந்தத் துறையை நம்பலாம்.

வரைவேடு:

போர்ட்ஃபோலியோவுக்கு வருகிறேன். புகைப்படம் பார்த்து வரைந்த முகங்களில் மிகச் சிறந்த ஒன்றை வையுங்கள், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். அது கை நிதானத்தைக் காட்டும், ஆனால் புகைப்படக்காரர் ஏற்கெனவே எடுத்த முடிவுகளைத்தான் நீங்கள் பின்தொடர்ந்திருப்பீர்கள். தேர்வுக் குழு பார்க்க விரும்புவது உங்கள் முடிவுகளை.

நேரில் பார்த்து வரைந்தவை நான்கைந்து இருக்கட்டும்: ஒரு சைக்கிள், மாடிப்படி, கையில் பிடித்த கத்தரிக்கோல், உட்கார்ந்து காத்திருக்கும் மனிதர்கள். நிழல் தீட்டி மினுக்க வேண்டியதில்லை. விகிதம் சரியாக இருந்தால் போதும்.

பிறகு ஒரே ஒரு வடிவமைப்புத் திட்டத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை காட்டுங்கள். இதுதான் உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதுகெலும்பு. படிக்கச் சிரமமான ஏதாவது ஒன்றை எடுங்கள். பேருந்து நேர அட்டவணை, மருந்து அட்டையின் பின்பக்கம், ஏதோ ஒரு விண்ணப்பப் படிவம். முதலில் அதிலுள்ள தகவலையெல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதி, படிப்பவருக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். அடுத்து 5 செ.மீ. அகலத்தில் இருபது சிறு வரைவுகள் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் ஏழெட்டு எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும், அதைக் கடந்தால்தான் உங்களுடையது வரும். அவற்றில் மூன்றைத் தேர்ந்து பெரிதாக்குங்கள். ஒன்றை நிஜ அளவில் அச்செடுத்து, அதைப் பார்த்திராத மூன்று பேரிடம் கொடுங்கள். "ஆறரை மணிக்குப் பிறகு முதல் பேருந்து எது?" என்பதுபோல ஒரு வேலை சொல்லி, அவர்கள் கண்ணும் விரலும் எங்கே தடுமாறுகின்றன என்று கவனியுங்கள். வாயைத் திறந்து உதவிவிடாதீர்கள். தடுமாறிய இடத்தைத் திருத்தி, முந்தையதையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு திட்டத்துக்கு நான்கு பக்கம் கொடுக்கலாம்.

15 பக்கம் கேட்டால் 15தான். பதினாறாவதாக ஒன்றைச் செருகாதீர்கள். பலவீனமான ஒன்று நல்ல மூன்றையும் கீழே இழுக்கும். வலுவானதை முதலிலும் அதற்கடுத்ததைக் கடைசியிலும் வையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் என்ன, எந்த ஊடகம், எந்த அளவு, எந்த ஆண்டு என்று இரண்டு வரி போதும்.

வரைந்ததை ஏ4 வரை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அதைவிடப் பெரியதை ஜன்னல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாமல், கேமரா தாளுக்கு நேர் இணையாக இருக்குமாறு எடுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் செவ்வகம் சரிவகமாகிவிடும். ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் வெள்ளைத் தாள் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. பி.டி.எஃப். ஆக்கும்போது படங்களை 150 பி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 150 பிக்சல்) இறக்கினால் திரையில் பார்க்கத் தெளிவாகவும் இருக்கும், கோப்பின் எடையும் கட்டுக்குள் நிற்கும்.

யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்ததை வைக்க வேண்டாம், குழுவில் இருப்பவர்கள் அதே படத்தை அன்றே பலமுறை பார்த்திருப்பார்கள். ஏ.ஐ. படம் எங்காவது பயன்படுத்தியிருந்தால் எந்தப் பகுதி என்று எழுதிவிடுங்கள். நேர்காணலில் "இந்தக் கோடு ஏன் இங்கே?" என்று கேட்கும்போது பதில் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பென்சில்முனை:

கட்டக்கோடு, வரைவேடு இருவருக்கும் நன்றி. பேருந்து அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: கிரிட்டீக்கில் (எல்லோர் வேலையையும் வைத்து விமர்சிக்கும் வகுப்பில்) வேலையைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி நடக்கும்? ஒரு திட்டத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

இடைவெளி:

கிழிப்பது கிரிட்டீக் அல்ல. அப்படி நடக்கும் இடமும் உண்டு, அது கற்பித்தலில் உள்ள கோளாறு. ஒழுங்காக நடந்தால் இப்படி இருக்கும்: எல்லோரும் வேலையைச் சுவரில் குத்திவைப்பார்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று முதலில் பேசாமல் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் தங்களுக்கு எது முதலில் தெரிந்தது, என்ன புரிந்தது என்று சொல்வார்கள். செய்தவர் அதன் பிறகுதான் தன் நோக்கத்தைச் சொல்வார். வரிசை முக்கியம். செய்தவர் முதலில் விளக்கிவிட்டால், வேலையில் இல்லாததையும் மற்றவர்கள் அதில் காணத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் முறை வரும்போது குறிப்பெடுக்கும் வேலையைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுங்கள். பதற்றத்தில் பாதி காதில் விழாது. குறிப்பைப் பிறகு படிக்கும்போது, பிரச்சினையைச் சொன்னவற்றையும் தீர்வைச் சொன்னவற்றையும் பிரியுங்கள். "தலைப்பைச் சிவப்பாக்கு" என்று ஒருவர் சொன்னால் அது தீர்வு. அதற்குப் பின்னால் உள்ள பிரச்சினை தலைப்பு கண்ணில் படவில்லை என்பது. சிவப்பாக்காமல், சுற்றியுள்ளதைச் சிறிதாக்கியும் அதைச் சரிசெய்யலாம். ஆசிரியர் சொன்ன தீர்வாக இருந்தாலும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு ஸ்டுடியோ திட்டம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஓடும். ஆறு வாரம் என்றால் முதல் வாரம் தேடலும் தகவல் சேர்ப்பதும், இரண்டாவதில் முப்பது நாற்பது சிறு வரைவுகள், மூன்றாவதில் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறான மூன்று திசைகள், நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றை வளர்த்தெடுக்க, ஆறாவது அச்சுக்கும் புத்தகக் கட்டுக்கும். அதிகம் சறுக்குவது மூன்றாம் வாரத்தில்தான். ஒரே வடிவத்தை மூன்று நிறத்தில் கொண்டுவந்து மூன்று திசை என்பார்கள். அல்லது இரண்டாம் வாரமே கணினியில் உட்கார்ந்து ஒன்றை மெருகேற்றிவிடுவார்கள். மெருகேறியதைத் தூக்கிப்போட மனம் வராது. பென்சில் கிறுக்கலைத் தூக்கிப்போடுவது எளிது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் தாளில் செய்யச் சொல்கிறார்கள்.

வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இன்னொரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஒரே செமஸ்டரில் இரண்டு ஸ்டுடியோ தாள் வந்தால் இறுதி நாட்கள் மோதும். செமஸ்டர் தொடங்கிய வாரமே இரண்டின் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதிவையுங்கள்.

மைத்துளி:

இடைவெளி சொன்ன ஆறாவது வாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நல்ல வேலைகள் பாழாவது பெரும்பாலும் அங்கேதான். காரணம் திறமைக் குறைவு அல்ல, அச்சைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது.

பக்க ஓரம்வரை நிறமோ படமோ போனால் நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் கூடுதல் பகுதி) வேண்டும். கட்டிங் மிஷினில் தாள் அடுக்கு ஒரு மி.மீ. நகர்வது சகஜம். ப்ளீட் இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதே காரணத்துக்காக முக்கியமான எழுத்தை வெட்டு ஓரத்திலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே வையுங்கள். வேலையை முடித்துவிட்டு ப்ளீட் சேர்க்க முயன்றால் படம் போதாது. ஆவணத்தைத் திறக்கும்போதே போட்டுவிடுங்கள்.

தாள்களை மடித்து மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கம் செய்தால் இரண்டு பக்கம் காலியாகத் தொங்கும். பக்கம் கூடக்கூட உள்தாள்கள் வெளியே துருத்தும். 48 பக்கம், 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாள் என்றால் நடுப்பக்கம் ஒன்றரை மி.மீ. வரை வெளியே வந்து, வெட்டும்போது அந்த அளவு ஓரத்தை இழக்கும். பக்க எண்ணை ஓரத்தை ஒட்டி வைத்திருந்தால் நடுப்பக்கங்களில் அது வெட்டுப்படும். முதுகில் பசை ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பிரச்சினை எதிர்ப்பக்கம்: புத்தகம் தட்டையாக விரியாது, உள் ஓரத்தில் 10 மி.மீ.க்கும் மேல் கண்ணுக்கு மறைந்துவிடும். இரண்டு பக்கத்தில் விரியும் படத்தின் நடுவே முகம் வந்தால் மூக்கு காணாமல் போகும்.

தாளுக்கு இழை உண்டு. மடிப்பு இழைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் 170 ஜி.எஸ்.எம்.க்கு மேற்பட்ட அட்டை வெடித்து வெள்ளை நார் தெரியும், புத்தகமும் விறைத்து நிற்கும். கண்டுபிடிக்க, தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் மடிப்புத்தான் இழைக்கு இணை. கனமான அட்டையாக இருந்தால் மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புக்கோட்டில் அழுத்திய பள்ளம்) போடச் சொல்லுங்கள்.

கறுப்பு தனிக் கதை. சிறிய எழுத்து எப்போதும் கே 100 (கறுப்பு மை 100 சதவீதம்) மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் 9 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தை அச்சிட்டால், தகடுகள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். பெரிய கறுப்புப் பரப்புக்கு கே 100 மட்டும் போட்டால் வெளிறிய சாம்பல்போல இருக்கும். அங்கே சி (சயான்) 60, எம் (மெஜந்தா) 40, ஒய் (மஞ்சள்) 40, கே 100 என்று கலக்கலாம், மொத்தம் 240 சதவீதம். 400 சதவீதம் என்று அள்ளிப் போட்டால் மை காயாது, அடுத்த தாளில் ஒட்டும்.

திரையில் ஒளியால் மின்னும் ஆர்.ஜி.பி. பச்சையும் நீலமும், இந்த நான்கு மைகளாலான சி.எம்.ஒய்.கே.யில் மங்கும். இது அச்சகத்தின் தவறு அல்ல, அந்த நிறங்கள் மையின் எல்லைக்குள் இல்லை. அதனால் நிறம் முடிவு செய்யும் கட்டத்திலேயே, நான்காம் வாரத்தில், ஒரு சிறு துண்டை அதே தாளில் அச்செடுத்துப் பாருங்கள். தாள் முக்கியம். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் பளிச்சென்று இருந்த படம் அதில் இருண்டு போகும்.

வெள்ளைத் தாளில் நிஜ அளவில் ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) மடித்துப் பக்க எண் எழுதிப் பார்க்காமல் எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அச்சுக்கு ஒரு நாள், காய ஒரு நாள், கட்டுக்கு ஒரு நாள் என்று குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். செமஸ்டர் முடிவில் வளாகத்தைச் சுற்றியுள்ள எல்லா அச்சுக் கடைகளிலும் மொத்தக் கல்லூரியும் வரிசையில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துறையில் ஸ்கிரீன் பிரிண்டிங்கோ ரிசோகிராஃபோ (ஸ்டென்சில் வைத்து நிறம் நிறமாக அச்சிடும் இயந்திரம்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ரிசோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சாம்பல்நிறக் கோப்பு தயாரிக்க வேண்டும். நிறங்கள் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. விலகும், மை விரலில் ஒட்டும். அந்த விலகலையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கக் கற்றவருக்கு ஆஃப்செட் அச்சில் நிறப் பிரிப்பு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

எண்பிக்சல்:

லேப்டாப் பற்றிச் சுருக்கமாக. முதலாண்டுக்கு முன் வாங்காதீர்கள். பாதி வேலை தாளில்தான், மீதிக்குத் துறையின் ஆய்வகம் இருக்கும். சேர்ந்த பிறகு துறை கொடுக்கும் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். மோஷன் கிராஃபிக்ஸ் (அசையும் வடிவமைப்பு) பக்கம் போகிறவருக்கு 32 ஜி.பி. உதவும். பிராசசரைவிட முக்கியம் திரை. விவரப் பட்டியலில் திரை காட்டும் நிற வரம்பு '45% என்.டி.எஸ்.சி.' என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் நிறங்கள் சோகையாகத் தெரியும், நீங்கள் அதைப் பார்த்து நிறத்தை ஏற்றுவீர்கள், அச்சில் அடர்ந்து கிடக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற இன்னொரு நிற வரம்பு அளவில் 100 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அச்சு வேலை பார்க்கும்போது திரை வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்த படம் தாளில் இருட்டாக வருவதற்கு அதுவே பாதிக் காரணம்.

சந்தா கட்டுமுன் பல்கலைக்கழகம் மாணவர் உரிமம் தருகிறதா என்று கேளுங்கள். வீட்டில் பழக, வரைய இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸும் இலவசம். கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள்: லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. 'ஃபைனல்', 'ஃபைனல் புதிது' என்று பெயரிடாமல் தேதியும் எண்ணும் போடுங்கள்.

மூன்றாம்நடை:

பயணம் பற்றி யாரும் சொல்லவில்லை. போக ஒன்றரை, வர ஒன்றரை என்றால் வாரம் ஐந்து நாளில் 15 மணி நேரம். விரிவுரைகளாலான படிப்பு என்றால் ரயிலில் படித்துச் சமாளிக்கலாம். இங்கே வகுப்புக்கு வெளியே செய்யும் வேலைக்கும் மேசை, கட்டிங் மேட், பிரிண்டர் வேண்டும். ஸ்டுடியோ மாலை ஆறுக்குப் பூட்டப்படுகிறதா, இரவு பத்துவரை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஆறுக்குப் பூட்டினால் அருகில் தங்குவதில் பெரிய லாபமில்லை, வீட்டில் ஒரு பெரிய மேசை போட்டுவிடுவதே மேல். பத்துவரை என்றால் அருகில் தங்குவது முதல் இரண்டு ஆண்டுக்காவது பயன்தரும், ஏனென்றால் பக்கத்து மேசைக்காரரின் வேலையைப் பார்த்துக் கற்பது வகுப்பு முடிந்த பிறகுதான் அதிகம் நடக்கும்.

போய்வருவது என்று முடிவானால் லாக்கர் கேட்டு வாங்குங்கள். ஏ2 பலகையை நெரிசலில் தூக்கிக்கொண்டு நின்றால் மூலை மடங்காமல் வந்து சேராது. சுருட்டக்கூடியதைக் குழாயில் போடுங்கள், ஒட்டுவதை வளாகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் படிப்பதன் பலன், கண்முன்னே வேலை நடந்துகொண்டிருப்பது. அதைப் பயன்படுத்தாவிட்டால் வாடகையும் இரைச்சலும்தான் மிச்சம். வாரம் ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் மருத்துவமனை வழிகாட்டிப் பலகைகள், ஒரு வாரம் கையால் எழுதிய கடைப்பெயர்கள், ஒரு வாரம் போக்குவரத்து வரைபடங்கள். புகைப்படம் எடுத்து, எங்கே மக்கள் நின்று தயங்குகிறார்கள் என்று குறியுங்கள். வரைபடம் என்றதும் ஹாரி பெக் 1933இல் லண்டன் சுரங்க ரயிலுக்குச் செய்ததைக் கட்டாயம் பாருங்கள். நிலப்பரப்பின் உண்மைத் தூரத்தை விட்டுவிட்டு, கோடுகளைக் கிடை, செங்குத்து, 45 பாகை என்று மட்டும் வைத்தார். ரயிலுக்குள் இருப்பவருக்குத் தேவை அடுத்த நிலையமும் மாறும் இடமும்தான், மேலே எந்தத் தெரு என்பதல்ல. எதை விடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.

நகரத்தில் சின்னச் சின்ன வேலைகள் தேடி வரும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு எடுங்கள். எடுத்தால் என்னென்ன கொடுப்பீர்கள், எத்தனை முறை திருத்தம் (இரண்டு போதும்), முன்பணம் எவ்வளவு, மூலக் கோப்பு யாருக்கு என்று நான்கு வரி எழுத்தில் வாங்குங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டால் திருத்தம் முடிவே இல்லாமல் போய், ஸ்டுடியோ வேலை நசுங்கும்.

கொம்புச்சுழி:

கடைசிக் கேள்வி எனக்கு. தமிழ் வடிவமைப்புக்கு இந்தப் படிப்பு உதவுமா? உதவும், ஆனால் நீங்கள்தான் அதை உள்ளே கொண்டுபோக வேண்டும். வகுப்பில் சொல்லப்படும் அளவுகள் பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்கானவை. அப்படியே தமிழுக்குப் போட்டால் பக்கம் திணறும்.

வரி நீளம் 45 முதல் 75 எழுத்து என்பார்கள். நம் சொற்கள் நீளம். அதனால் எழுத்தை எண்ணாமல் சொல்லை எண்ணுங்கள், வரிக்கு ஆறு முதல் ஒன்பது சொல் வந்தால் படிக்க வாகாக இருக்கும். வரி இடைவெளி ஆங்கிலத்தில் 10 புள்ளி எழுத்துக்கு 13 புள்ளி என்றால் தமிழில் 10க்கு 15 அல்லது 16 கொடுங்கள். 'கீ'யின் மேல்சுழியும் 'ணூ'வின் கீழ்க்காலும் அடுத்தடுத்த வரிகளில் மோதிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டிய குறுகிய பத்தியில் நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போனால் சொற்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி ஆறுபோல ஓடும். இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள், இல்லையேல் சொல்லை அசையில் பிரிக்க விடுங்கள். மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் செய்யும் வேலைக்கு நம்மிடம் இரண்டும் கிடையாது. சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கணினி எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும், சுழிகள் கோணலாகும். தடிமன், அளவு, வெற்றிடம், நிறம் ஆகியவற்றால் படிநிலையைக் காட்டுங்கள். ஃபான்ட் தேரும்போது குறைந்தது நான்கு தடிமன் உள்ளதா என்று பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வந்தால் புள்ளி அளவு ஒன்றாக இருந்தாலும் உயரம் ஒத்துப்போகாது. 'ப'வின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்குமாறு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கண்ணால் சரிசெய்யுங்கள்.

இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு) தேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' உடையும். பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சான பிரதி வந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கத்தில் ஊற்றுங்கள். மாற்றியதும் 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஔ', மேற்கோள் குறிகள் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தேடிச் சரிபாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

போர்ட்ஃபோலியோவில் தமிழ் வேலை ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். தேர்வுக் குழுவில் தமிழ் படிக்காதவர் இருக்கலாம், தலைப்பின் பொருளை அடியில் ஒரு வரியில் கொடுத்துவிடுங்கள்.

பென்சில்முனை:

பேருந்து அட்டவணையைத் தமிழிலேயே செய்தால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடுமா? ஊர்ப்பெயர்கள் நீளமாக இருப்பதால் கட்டத்துக்குள் அடங்காதே என்றுதான் யோசனை.

கொம்புச்சுழி:

முடியும், செய்யுங்கள். பெயரை அடக்க எழுத்தை ஒடுக்காதீர்கள், இழுத்து ஒடுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து சுழிகள் அடைபடும். பட்டியலிலேயே நீளமான ஊர்ப்பெயரை முதலில் 9 புள்ளியில் அச்செடுத்து அளந்து, முதல் நிரலின் அகலத்தை அதற்கு வையுங்கள். நேர எண்களுக்கு மீதி இடம் தாராளமாகப் போதும், அவை எல்லாம் ஒரே அகலம்தான். வரிகளுக்கு நடுவே கோடு போடாமல் ஐந்து வரிக்கு ஒருமுறை அரை வரி இடைவெளி விட்டுப் பாருங்கள். அந்த வரைவையும் கோடு போட்ட வரைவையும் மூன்று பேரிடம் கொடுத்துச் சோதியுங்கள், அந்த இரண்டு தாளையும் சேர்த்தே போர்ட்ஃபோலியோவில் வைக்கலாம்.